சுண்டுவிரல்

கொட்டை விழுந்தது.

நாலு புளியங்கொட்டை. ஒரு பக்கம் மட்டும் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கியது. இப்போது அவள் போட்டதில் ரெண்டு வெள்ளை, ரெண்டு கறுப்பு.

தாயத்துக்கு ஒரே ஒரு வெள்ளைதான் விழ வேண்டும். தாயம் விழாமல் காய் இறங்காது.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து, அவளோடு தாயம் ஆடும்போது அவர் கட்டத்தை விட்டுக் கண்ணை எடுத்ததில்லை. எடுத்தால் போச்சு. கொட்டையை அள்ளுகிற மாதிரி கை வரும். சுண்டுவிரல் மட்டும் தனியாக நீண்டு ஒரு வெள்ளையைக் கவிழ்த்துவிடும். அப்புறம் ஒன்றும் தெரியாத மூஞ்சி.

தாயம் என்பாள்.

அவர் பாய்ந்து மணிக்கட்டைப் பிடிப்பார். கள்ளி என்று கத்துவார். வளையல் உடைந்ததும் உண்டு. அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்த உடைந்த வளையல் துண்டுகள்தான் அவளுக்குக் காய். அவருக்குச் சட்டைப் பொத்தான்.

இன்றைக்கும் அதே காய்கள். கட்டம்தான் வேறு. மகள் வீடு இது. தரையில் கோடு போட்டால் கோகிலாவுக்கு ஆகாது. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்து கட்டில்மேல் விரித்திருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அதில் பார்க்க ஒன்றுமில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கவிழ்க்கட்டும். நல்லாக் கவிழ்க்கட்டும்.

அம்மாவுக்கு இப்போது யாரையுமே தெரியவில்லை என்று கோகிலா சொன்னாள். டாக்டரும் அதைத்தான் சொன்னார். ரெண்டு பேரையும் அவர் நம்பவில்லை.

அவர் யாரைத்தான் நம்பினார். கண் முன்னால் கறந்தால்தான் பால் வாங்குவார். மருமகன் சிரித்தால் இவனுக்கு என்ன வேணுமோ என்று பார்ப்பார்.

டாக்டர் படம் காட்டிக் கேட்டபோது அவள் எருமையை நாய் என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டுத்தறி நிறைய எருமை வைத்துக் கறந்தவள். அவளுக்கா தெரியாது.

நடிக்கிறாள்.

ஆயுசுக்கும் கள்ளாட்டம் ஆடினவள். இது இன்னொரு ஆட்டம். அவ்வளவுதான்.

நேற்று அவரைப் பார்த்து ஏனுங்ணா என்றாள். பஸ்ஸில் யாரோ ஒரு ஆம்பிளையிடம் வழி கேட்கிற மாதிரி. மாமா, மாமா என்று கூப்பிட்ட வாய்.

இது கொஞ்சம் அதிகம் என்று நினைத்தார். ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

கொட்டையைக் கையில் கொடுத்தால் சாயம் வெளுத்துவிடும். வாய் நடிக்கும். சுண்டுவிரல் நடிக்காது.

திரும்பினார்.

ரெண்டு வெள்ளை. ரெண்டு கறுப்பு.

அவள் கை மடியில் இருந்தது. வாத்தியார் வெளியே போனாலும் கை கட்டியே இருக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

தாயம் விழவில்லை என்று அவளே சொன்னாள்.

அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். சொம்பை வைத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். வந்து உட்கார்ந்து, செருப்பைத் தேடுகிற மாதிரி கட்டிலுக்கு அடியில் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

ஒவ்வொரு தடவையும் கொட்டை விழுந்தபடியே கிடந்தது.

அவருடைய பொத்தான்கள் பாதிக் கட்டம் தாண்டிவிட்டன. வளையல் துண்டு ஒன்றுகூட இறங்கவில்லை. ஜெயிப்பது இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

மறுபடி அவள் போட்டாள்.

மறுபடி ரெண்டு வெள்ளை.

அவர் தன் சுண்டுவிரலை நீட்டினார். தடித்த விரல். பழக்கமில்லாத வேலை. ஒரு வெள்ளையைக் கவிழ்த்தது.

தாயம் விழுந்திருக்கு, காயை வை என்றார்.

அவள் கொட்டையைப் பார்த்தாள். அவர் விரலைப் பார்த்தாள். காலையிலிருந்து செத்துக் கிடந்த முகத்தில் என்னவோ அசைந்தது.

அவர் முன்னால் சாய்ந்தார்.

சிரித்தாள். வெளியாள்களிடம் சிரிக்கிற சிரிப்பு. கவிழ்ந்த கொட்டையை எடுத்து, வெள்ளை மேலே இருக்கும்படி பழையபடியே வைத்தாள்.

"வேண்டாங்ணா. எங்கூட்டுக்காரர்கிட்ட மட்டுந்தான் நான் கள்ளாட்டம் ஆடுவனுங்க. கண்டுபுடிச்சா மணிக்கட்டப் புடிச்சுக்குவாரு. மத்தப்படி, கையப் புடிக்கிற ஆளில்லீங்ணா அவரு."

சொல்லிவிட்டு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

பிறகு நாலு கொட்டையையும் பொறுக்கினாள். அடுத்து அவர் ஆட்டம்.

அவள் கையை நீட்டியபோது வளையல் மேலே ஏறி மணிக்கட்டு தெரிந்தது. காலண்டர் அகலம்தான் நடுவில்.

அவர் உள்ளங்கையை விரித்தார்.

அவள், கை படாமல், கொட்டைகளை அதில் போட்டாள்.