சைடு லாக் போடாத வண்டி

நான்கு நாளாகக் கவிப்பிரியா தன் ஸ்கூட்டியைக் கல்லூரிக்குக் கொண்டுவரவில்லை. அதியமான்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். பார்க்கிங் நெருக்கடி பற்றி மாணவர்களிடம் பேட்டி எடுக்கிறவள் தானே முன்மாதிரியாக இருக்கிறாள் என்று அவள் படிக்கும் புள்ளியியல் துறையில் எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

பேட்டி எடுக்கச் சொன்னது கல்லூரி முதல்வர். வாட்ச்மேன் வீரமணியின் மேல் ஒரு புகார் வந்திருந்தது. மாணவர்கள் பேசுவதைப் பதிவு செய்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுத்தால், அவரை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று அன்றே முடிவெடுப்பார். "பொய் சொல்லத் தெரியாத பொண்ணு" என்று துறைத்தலைவர் கவிப்பிரியாவைக் கைகாட்டிவிட்டார்.

நூறு வண்டி நிற்கிற இடத்தில் இருநூறு வண்டி வரும் கல்லூரி அது. வீரமணி இரண்டே சட்டம் வைத்திருந்தார். யாரும் சைடு லாக் போடக்கூடாது; அப்போதுதான் அவர் வண்டிகளை நகர்த்தி இடம் பண்ண முடியும். முதல்வர் கார் நிற்கும் இடத்தில் நிறுத்தினால் காற்றைப் பிடுங்கிவிடுவார். வால்வு மூடி அவர் சட்டைப்பைக்குப் போய்விடும். நேரில் போய்த் திட்டு வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும்.

"அவரு பைய ஒதறுனா காலேஜ்ல பாதிப் பேரோட மூடி கொட்டும்ங்க. அத வெச்சே ஒரு கடை போட்டுக்கலாம்" என்றான் பேட்டி கொடுத்த பாரதி. போனில் பதிவு ஓடுவதைப் பார்த்துவிட்டு, மனுசன் நல்லவர், அனுப்பிவிட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னான். பேசியவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் சொன்னார்கள்.

புகார், போன திங்கட்கிழமை பற்றியது. இயற்பியல் படிக்கும் நவநீதன் வத்தல்மலைக்காரன். கிருஷ்ணகிரியில் ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. பத்தரைக்குள் போயாக வேண்டும். கல்லூரி ஆபீஸில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், அவன் வண்டி முதல்வர் கார் நிற்கும் இடத்தில் காற்றில்லாமல் நின்றது. காற்றடிக்க மெயின் ரோடு வரை தள்ள வேண்டும். தள்ளி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது.

மறுநாள் அவன் அப்பா சென்றாயன் மலையிலிருந்து இறங்கி வந்தார். முதல்வர் அறையில் சத்தம் போட ஆரம்பித்தவர், முடிக்கும்போது அழுதுவிட்டார். வீரமணி மறுத்துப் பேசவில்லை. அன்று காலை அந்த இடத்தில் ஆறேழு வண்டிக்குப் பிடுங்கியிருந்தார். எது யாருடையது என்று அவருக்கு நினைவில்லை. நான்தான் பிடுங்கியிருப்பேன், மன்னித்துவிடுங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்த வண்டியை அங்கே தள்ளியது கவிப்பிரியா.

அன்று காலை அரைமணி நேர ஆய்வகத் தேர்வு ஒன்றுக்கு நேரமாகிவிட்டது. எங்கும் இடமில்லை. லாக் போடாத வண்டி ஒன்றை உருட்டிக் கொண்டுபோய் முதல்வர் இடத்தில் விட்டுவிட்டு, அது நின்ற சந்தில் தன் ஸ்கூட்டியைச் செருகினாள். சீக்கிரம் வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

தேர்வு முடிந்து வந்தபோது நவநீதன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் சக்கரத்தையே பார்த்தாள். டயர் தரையோடு சப்பிக் கிடந்தது. சக்கரக் கம்பிகளுக்கு நடுவே வால்வின் கறுப்பு மூடி மட்டும் அப்படியே இருந்தது. அப்படியே வகுப்புக்குப் போய்விட்டாள்.

இன்று, வெள்ளிக்கிழமை காலை, பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே நுழையும்போது வீரமணி அவளை நிறுத்தினார்.

"அந்த மலைப் பையன் கிட்ட பேசுனியா, கண்ணு? வேற எங்கயாச்சும் வேலை கெடைக்குமான்னு கேளு. பாவம், நம்மளால கெட்டுப்போச்சு."

அந்த 'நம்மளால' அவளை நாள் முழுக்கத் தின்றது.

நவநீதனைக் கடைசிவரை தள்ளிப்போட்டிருந்தாள். அவனும் இரண்டு முறை நழுவிவிட்டான். கோபமாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். மூன்று மணிக்கு நூலகப் படியில் பிடித்தாள். எந்த நேரத்துக்கு வருகிறான், எங்கே நிறுத்துகிறான் என்று எல்லோரிடமும் கேட்டதையே கேட்டாள். ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பதில் வந்தது.

"வீரமணி அண்ணன அனுப்பிட்டா உங்களுக்குத் திருப்திங்களா?"

"எங்கப்பாவுக்குத் திருப்திங்க." அவன் படியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "படிச்சது போதும், மேல படிக்க வேணாம், வேலைக்குப் போன்னு அவருதான் அந்த இன்டர்வியூவுக்கு அனுப்புனாரு."

கவிப்பிரியா பதிவை நிறுத்தினாள். அவ்வளவுதான் அவளுக்குத் தைரியம் இருந்தது.

"உங்க வண்டிய அங்க தள்ளுனது நானுங்க."

திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் திட்டவில்லை.

"தெரியும்ங்க. ஆபீஸ் ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"அப்பறம் ஏங்க யார்கிட்டயும் சொல்லல?"

அவன் வாசல் பக்கம் திரும்பினான். அங்கே வீரமணி இரண்டு வண்டிகளுக்கு நடுவே மூன்றாவதைப் பக்குவமாக நுழைத்துக்கொண்டிருந்தார். நவநீதன் பிறகு அவள் போனை அவள் பக்கமாக நகர்த்தி, பதிவை மறுபடியும் போடச் சொன்னான்.

போட்டாள். அவன் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"எம்பேரு நவநீதன். என் வண்டிக்குக் காத்தப் புடுங்குனது நான்தானுங்க."