பிசிறு

மேனேஜரின் கடைவாயில் ஒரு நூல் நுனி தொங்கியது.

அக்கா குனிந்தாள். கழுத்தில் தொங்கிய சின்னக் கத்தரியால் அதை வெட்டினாள்.

நாளெல்லாம் செய்கிற வேலை. பிசிறு கண்ணில் பட்டால் கை தானாகப் போகும். இது துணியில்லை, பூனை என்பது வெட்டிய பிறகுதான் உறைத்தது.

மேனேஜர் ஒருமுறை விழுங்கியது. பிறகு முன்னங்காலால் வாயைப் பிராண்டத் தொடங்கியது. எச்சில் வழிந்தது. எச்சிலில் சிவப்பு கலந்திருந்தது.

தையல் மிஷினில் இருந்த தங்கை பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

“என்னக்கா வெட்டின?”

“நூலுடி.”

“அந்த நூல்ல ஊசி இருந்துதா?”

அக்காவுக்குத் தெரியவில்லை. நுனி எச்சிலில் ஊறிக் கறுத்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று அவள் பார்க்கவில்லை.

காஜா, பொத்தான், ஓர மடிப்பு, எல்லாக் கைத்தையலும் அக்காவுடையது. மிஷின் தங்கையுடையது. அந்தத் தையலறையில் ஒரு ஊசி காணாமல் போனால் யாருடையது என்று கேட்க வேண்டியதே இல்லை.

பூனையை ஒரு சீருடைத் துணியில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார்கள்.

ஏன் வெட்டினீர்கள் என்று மருத்துவர் கேட்கவில்லை. “நுனி வெளிய இருந்திருந்தா ஊசி தொண்டையிலயே நின்னிருக்கும்,” என்று மட்டும் சொன்னார். எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். மூச்சு இப்படி இரைக்கும்போது படத்துக்காக மயக்கம் கொடுக்க முடியாது. யாராவது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

யார் என்பதில் சந்தேகமே இல்லை. வேலை செய்யாமல் வெட்டுமேசையில் உட்கார்ந்து பிறர் வேலையை மேற்பார்வை பார்ப்பதால் மேனேஜர் என்று பெயர் வைத்ததே தங்கைதான். அவள் தூக்கினால் பிசைந்த மாவாகக் குழையும். அக்கா தொட்டால் கடிக்கும்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். தங்கை எக்ஸ்ரே அறைக் கதவை விட்டு விலகி, எதிர்ச்சுவரில் முதுகு படிய நின்றிருந்தாள்.

“நீ போக்கா. என்னால முடியாது.”

உள்ளே மருத்துவர் அக்காவுக்குக் கனமான ஈய அங்கி ஒன்றைக் கட்டிவிட்டார். கதவு திறந்தே இருந்தது.

“வயித்துல ஒண்ணும் இல்லையே?”

“மொதல்ல ஒரு மாப்பிள்ளை பாருங்க டாக்டர். அப்புறம் யோசிக்கலாம்.”

மருத்துவர் சிரித்தார். இப்படிப்பட்ட பேச்சுக்கு முதல் ஆளாகச் சிரிக்கிற தங்கையின் சத்தம் வரவில்லை.

மேனேஜர் துள்ளியது. அக்காவின் பெருவிரலில் பல் இறங்கியது. அவள் பிடியை விடவில்லை. இருந்தும் படம் கலங்கி வந்தது.

“திரும்ப எடுக்கணும். ஆடக் கூடாது. துள்ளத் துள்ள ஊசி குத்திக்கிட்டே இறங்கும்.”

அக்கா கதவுப் பக்கம் பார்த்துக் கத்தினாள். “அடியே, நீ பிடிச்சா அசையாம கெடக்கும்டி! உன் பூனைதானே?”

தங்கை தலையை ஆட்டினாள். அழுதுகொண்டிருந்தாள். வரவில்லை.

மீனில் முள் எடுத்து, புருஷனுக்குப் போடுமுன் அதற்கு ஊட்டுகிறவள். ஆபத்துக்கு ஆகாத பாசம் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று அக்காவுக்கு நெஞ்சு எரிந்தது.

அப்போது சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

“மேனேஜர்… மேனேஜர் சார்… வேலைய விட்டுட்டு எங்க போயிட்டீங்க?”

பூனையின் காது திரும்பியது. உடம்பு அடங்கியது. குரல் உடைந்து உடைந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

படம் விழுந்தது. வயிற்றில் ஒரு வெள்ளைக் கோடு.

அறுவை அறையின் கதவு மூடிக்கொண்டது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். விரலில் ரத்தம் உறைந்திருந்தது.

“ஊசியும் என்னுது. வெட்டினதும் நான். உனக்கென்ன, நீ சுவரைப் பிடிச்சுக்கிட்டு நில்லு.”

தங்கை புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

உள்ளே ஏதோ கருவி தட்டில் விழுகிற ஓசை கேட்கும்போதெல்லாம் இருவரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். அடுத்த நொடி வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

கடைசியில் மருத்துவர் வெளியே வந்தார்.

“குடல் கிழியல. பிழைச்சுக்கும்னுதான் தோணுது. கண்ணு முழிக்கட்டும்.”

கையில் சின்ன எஃகுத் தட்டு. அதில் கழுவி வைத்த ஊசி. காதில் கோத்தபடியே நூல்.

மஞ்சள் நூல்.

பள்ளிச் சீருடைக் காலம் இது. தையலறையில் கருநீலத்தைத் தவிர வேறு துணி விரித்தே பல நாளாகிறது. அக்காவின் பெட்டியில் மஞ்சள் நூலே கிடையாது. இந்த ஊசியும் அவளுடையது அல்ல. சீருடைத் துணியில் குத்தினால் வளைந்துவிடும். உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆன பழந்துணிக்கு எடுக்கிற ஊசி. உள்ளங்கை அளவுச் சட்டைக்குக் கழுத்து மடிக்கிற ஊசி.

போன தடவை தங்கை உண்டாகியிருந்தபோது அந்தச் சட்டைகளை அக்காதான் தைத்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி ஒரு பெட்டி நிறையத் தைத்தாள். அந்தப் பெட்டியை அதன் பிறகு யாரும் திறக்கவில்லை.

எக்ஸ்ரே அறையின் கதவு இன்னும் திறந்திருந்தது. ஈய அங்கி ஆணியில் தொங்கியது. மருத்துவர் கேட்ட கேள்வி இங்கே சுவர் வரைக்கும் கேட்டிருக்கும்.

தங்கை தட்டைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“உங்க ஊசிதானா?” என்றார் மருத்துவர்.

“ஆமா டாக்டர். என்னோடதுதான்.”

அக்கா நூலை ஊசியில் சுற்றிக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டாள். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

“உக்காருடி. எவ்வளவு நேரம் நிப்ப.”