நூற்று நாற்பத்தெட்டு

காலைச் சாப்பாடு முடிந்து சும்மா உட்கார்ந்திருந்த செல்லையாவுக்குச் சட்டை நனைய வியர்த்தது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று மனைவி பூரணம் ஒரு கரண்டி சீனியோடு வந்து, அவர் விரலைக் குத்திப் பார்த்தாள். கருவி நூற்று நாற்பத்தெட்டு காட்டியது.

“எழுபத்தாறு வயசுல இந்த நம்பர் எவனுக்கு வரும்? சீனிய உள்ள வை.”

“அப்ப ஏங்க இப்படி வேர்க்குது? நெஞ்சு வலிக்குதா?”

“ஒரு வலியும் இல்லடி.”

சர்க்கரையால் மரத்துப்போன காலில் போன மாதம் ஆணி ஏறியபோதும் அவருக்கு வலிக்கவில்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்து அவள்தான் பிடுங்கினாள்.

பூரணம் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள்.

“எங்கயும் வலிக்கலைங்க. அதான் பயமா இருக்கு. சீக்கிரம் வாங்க.”