வாக்ஓவர்

சர்ர்... டக். சர்ர்... டக்.

இருட்டில் கேட்ட சத்தத்தில் குமுதா திடுக்கிட்டு எழுந்தாள். புருஷன் தேயிலை பேக்டரியில் நைட் ஷிப்ட். தோட்டத்து லைன் வீட்டில் அவளும், பதினோரு வயது மகள் புவனேஸும், நாளைய போட்டிக்காக வந்து தங்கியிருந்த மகளின் பூப்பந்து டபுள்ஸ் ஜோடி விக்னேஸ்வரியும்தான்.

கைபேசி வெளிச்சத்தை அடித்தாள்.

திருடன் இல்லை. புவனேஸ்! பிளாஸ்டிக் நாற்காலியை முன்னால் தள்ளித் தள்ளி, அதைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பாத்ரூமுக்குத் தத்திக்கொண்டிருந்தாள்.

"குதிகாலை ஊனவே முடியலம்மா. நெருப்பு மாதிரி இருக்கு."

குமுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தக் குணாளன் மனுஷனா? கோச்சாம் கோச்! வாரத்துல அஞ்சு நாள் குதிக்க வைக்கிறான், சனி ஞாயிறு ஆனா டோர்னமென்ட். பிள்ளைங்க காலுன்னா லோரி டயரா, தேஞ்சா கழட்டி மாத்திக்க?"

வாய் திட்டியது. கை தைலம் தேய்த்தது.

"நாளைக்கு ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்க, புவா. ஜெயிச்சா விளையாட்டுப் பள்ளி ஹாஸ்டல்ல இடம். இந்த லைனை விட்டுப் போயிடலாம்."

அடுத்த படுக்கையில் விக்னேஸ்வரி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

விடியற்காலை வேனில் கோச்சைப் பார்த்ததும் குமுதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகளின் பையை மட்டும் மறக்காமல் ஏற்றிவிட்டாள்.

தானா ராத்தா நகர விளையாட்டு மண்டபத்தில் காலையிலேயே இரண்டு ஆட்டம். சிங்கிள்ஸ் ஒன்று, டபுள்ஸ் ஒன்று. புவனேஸ் நுனிக்காலிலேயே ஓடி இரண்டையும் ஜெயித்தாள். அடுத்தது டபுள்ஸ் இறுதி ஆட்டம்.

விக்னேஸ்வரியைக் காணோம்.

"பாத்ரூமுக்குள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா லா!" என்று குணாளன் தலையில் அடித்துக்கொண்டார். "அஞ்சு நிமிஷத்துல வரலைன்னா வாக்ஓவர். ஆடாமலே ரெண்டு பேரும் தோத்த மாதிரி!"

குமுதா ஓடிப்போய்க் கதவை இரண்டு கையாலும் குத்தினாள்.

"ஏய் விக்கி! வெளிய வாடி! எதிர்த்து ஆட வந்த குவாந்தான் டீம் பிள்ளைங்களைப் பாத்ததும் நடுங்குதா? நேத்து என் கையால சோறு தின்னுட்டு, இன்னிக்கு என் மக வாய்ப்பைக் கெடுக்கிறியா?"

மறுபடியும் குத்தினாள்.

"பொறாமைதான், வேற என்ன?" என்றாள் பக்கத்தில் நின்ற பவளம். அவள் மகளும் இதே குழுவில்தான் ஆடுகிறாள். "புவா மட்டும் சிங்கிள்ஸும் ஆடுறா இல்ல. பொறுக்குமா?"

"பாவம்னு கூட்டிட்டு வந்தேன் பாருங்க அக்கா, என்னைச் சொல்லணும்!"

ஒலிபெருக்கி அறிவித்துவிட்டது. வாக்ஓவர்.

புவனேஸ் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். அழவில்லை. தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள்.

"முடிஞ்சுதா ஆண்டி?" என்று உள்ளேயிருந்து மெல்லிய குரல்.

"முடிஞ்சுது! இப்ப வயிறு குளிர்ந்துதா உனக்கு?"

கதவு திறந்தது. விக்னேஸ்வரியின் கண்கள் வீங்கியிருந்தன. அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் புவனேஸின் குதிகாலைத்தான் பார்த்தாள்.

"ராத்திரி நான் தூங்கல ஆண்டி. வலிக்குதுன்னு அவ கோச்கிட்ட சொல்ல மாட்டா. நான் போகலைன்னாதான் அவளும் ஆட முடியாது."

குமுதாவும் குனிந்து மகளின் குதிகாலைப் பார்த்தாள்.

குணாளன் கைதட்டிக்கொண்டே வந்தார். "சரி சரி, போனது போகட்டும். சிங்கிள்ஸ் இன்னும் இருக்கு. செலக்ஷனுக்கு வந்தவங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. ஷூவைப் போடு புவா. லேசான சுளுக்குதானே? உங்கம்மாவே சொன்னாங்களே."

குமுதா கைப்பையைத் திறந்தாள். 'ஆறு வாரம் ஆடக் கூடாது' என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, மூன்று வாரமாய் யார் கண்ணிலும் படாமல் அவள் மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்துக் கோச்சின் கையில் திணித்தாள். பிறகு இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் நுழைந்து, தாழ்ப்பாளைப் போட்டாள்.