ஏழுமலையின் பாடு

ஆபீசுக்குப் புகார் டிக்கெட் வந்தால் அதைப் பேசித் தீர்க்கக் காலண்டரில் தானாகவே நேரம் விழும்படி ஜமுனா செய்து வைத்திருந்தாள். புரோகிராம் எழுதவில்லை, திரையில் கட்டங்களை இழுத்து இணைத்ததோடு சரி. அதையே தன் ஊரான தோணிரேவுக்கும் செய்து கொடுத்தாள். ஏரியில் யார் என்றைக்கு வலை போடுவது என்ற முறைக்கு அங்கே 'பாடு' என்று பெயர். இப்போது பாடு பிரிப்பதும், தோணிக்கு இரண்டு பேராக ஜோடி சேர்ப்பதும் போன்தான்.

அன்று ஏழுமலையிடமிருந்து புகார் வந்தது. காலண்டர் குறித்த நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"இன்னா ஜமுனா, நாளைக்கு என் பாடு. என் பேரையே காணோம்?"

"யாரோ தெரியாம எடுத்துட்டாங்க போலண்ணே. இப்பவே சேத்துடறேன்."

"சேத்து ஒரு ஜோடியும் போட்டுடும்மா. தனியா காத்துக்கினு கெடக்கறேன்."

"ஒரே எரைச்சலா கீதே, எங்கண்ணே இருக்க?"

இணைப்பு அறுந்தது. ஜமுனா பெயரைச் சேர்த்தாள். அப்பா சடையன் உள்ளே வந்தார்.

"நைனா, ஏழுமலையண்ணன் பேரை யாரு எடுத்தது?"

"நான்தான். செத்தவனுக்கு ஏதும்மா பாடு? நேத்து ஏரிக்குப் போனவன், காலைல லைட்ஹவுஸ் குப்பத்துல பொணமா ஒதுங்கிட்டான். உனக்குச் சேதி வரல?"

ஜமுனா பதறிப்போய்ப் பெயரை நீக்கப் பார்த்தாள். அதற்குள் திரையில் வந்துவிட்டது: 'ஏழுமலை ஏற்றுக்கொண்டார்.'

சடையனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர் அவளிடம் நீட்டினார்.

"நாளைக்கு எனக்குப் பாடு விழுந்திருக்கு போல. கண்ணாடியக் காணோம், ஜோடி யாருன்னு பாரும்மா."