குறிப்பு எழுதியவர்

“தப்பு என்னோடதுதாம்மா. சரிபார்க்காம ஓட்டிட்டேன். அப்படியே எழுதிக்கோ,” என்றார் லாசரஸ்.

ருக்ஸானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலை பத்து பத்துக்கு இவர் ஓட்டிய ஒரே ஒரு கம்ப்யூட்டர் கமாண்டில், வாடிக்கையாளரான ஒரு மருத்துவமனையின் முன்பதிவு மொத்தமும் அழிந்துபோயிருந்தது. நேற்று போட்டது, இன்று போட்டது, அடுத்த மாதத்துக்குப் போட்டது, எல்லாம். அங்கே முந்நூறு நோயாளிகள் டோக்கன் இல்லாமல் கவுன்டரை முற்றுகையிட்டிருக்கிறார்கள். இங்கே சிறுசேரி மென்பொருள் அலுவலகத்தின் நான்காவது மாடியில் போன் ஓயாமல் அடிக்கிறது. இந்த மனுஷன் என்னவென்றால், காபிக்குச் சர்க்கரை போட மறந்தவர் மாதிரி பேசுகிறார்.

பன்னிரண்டு மணிக்குள் அறிக்கை வேண்டும் என்று மேனேஜர் ஜெபசீலன் சொல்லியிருந்தார். தவறு யாருடையது என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரியை எழுத வேண்டியவள் ருக்ஸானா. ஒரு புள்ளிகூடத் தப்பவிடமாட்டாள் என்று குழுவில் அவளுக்குப் பெயர்.

லாசரஸுக்கு நாற்பத்தாறு வயது. இந்த வயதில் வேலை போனால் சிறுசேரியில் வேறு எந்தக் கம்பெனி வாட்ச்மேனும் உள்ளே விடமாட்டான். அது அவளுக்குத் தெரியும். அதனாலேயே கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

பார்ப்பதற்கு என்ன கஷ்டம்?

புரோகிராம் எழுதும் எடிட்டரில், எந்த கமாண்டின் மேல் கர்சரை வைத்து ஒரு பட்டனைத் தட்டினாலும் பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அந்த கமாண்ட் என்ன செய்யும், சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்ட் சர்வரில் மட்டும் ஓட்டலாமா, வாடிக்கையாளரின் சர்வரிலேயே ஓட்டலாமா என்று அதில் இருக்கும். கம்பெனியே செய்துகொண்ட கமாண்டுகளுக்குக் கம்பெனி ஆட்களே எழுதிவைத்த குறிப்புகள். கீழே எழுதியவர் பெயரும் வரும். ஒரு நொடி வேலை. அதைக்கூடச் செய்ய வலிக்கிறதென்றால் என்ன சொல்ல?

தன் இடத்துக்கு வந்து, கர்சரை வைத்துத் தட்டினாள்.

‘எச்சரிக்கை. பழைய பதிவுகளை மட்டுமல்ல, எல்லாவற்றையும் இது அழித்துவிடும். வாடிக்கையாளர் சர்வரில் ஓட்டவே கூடாது.’

இதைவிடத் தெளிவாக எவரால் எழுத முடியும்? கீழே பெயரைப் பார்த்தாள்.

லாசரஸ்.

தலையில் அடித்துக்கொண்டாள். எச்சரிக்கை எழுதியவரே அதை மதிக்காமல் ஓட்டியிருக்கிறார். பாவம் பார்க்கக்கூட இடம் வைக்கவில்லையே இந்த ஆள்.

‘குறிப்பில் எச்சரிக்கை தெளிவாக இருக்கிறது. அதை எழுதியவரும் அவரே. கவனக்குறைவு முழுக்க அவருடையது.’

பதினொன்று நாற்பதுக்கு அனுப்பினாள்.

ஆதாரத்துக்கு அந்தப் பெட்டியையும் படம் பிடித்து அனுப்பலாம் என்று மறுபடி திறந்தாள். பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் தேதியும் நேரமும் இருந்தன. இன்றைய தேதி. பத்து நாற்பத்திரண்டு.

கமாண்ட் ஓடியது பத்து பத்துக்கு.

அடப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். எல்லாம் நடந்து முடிந்த பிறகு உட்கார்ந்து குறிப்பைத் திருத்தியிருக்கிறார். ஆனால் எதற்கு? தப்பிக்க நினைப்பவன் எச்சரிக்கை இருந்தால் அழிப்பான். இல்லாத எச்சரிக்கையை எழுதிவைப்பானா?

திருத்தினாலும் பழைய குறிப்பு எடிட்டரின் அடியில் எங்கோ தங்கியிருக்கும்; அதைத் தேடித் திறந்தாள்.

‘தேதி முடிந்த பதிவுகளை மட்டும் நீக்கும். வாடிக்கையாளர் சர்வரிலும் தயங்காமல் ஓட்டலாம்.’

ஆக, அவர் படித்திருக்கிறார். படித்ததைத்தான் செய்திருக்கிறார். ஊரே கூடி அவரைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அடுத்தவர் யாரும் இதில் விழக்கூடாது என்று முதல் வேலையாகக் குறிப்பைச் சரிசெய்திருக்கிறார். தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி அதுதான் என்று தெரிந்தும்.

எந்தப் படுபாவி இப்படி எழுதிவைத்தது?

ருக்ஸானா. ஐந்து வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம். மாலை ஐந்து ஐம்பத்தெட்டு.

இன்னொரு முறை படித்தாள். அவள் பெயர்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்த வேலையும் தராமல் உட்காரவைத்திருந்த புதியவர்கள், ஒரு நாளைக்கு நாற்பது கமாண்டுக்குக் குறிப்பு எழுத வேண்டும். ஒரே மாதிரி கமாண்டாக இருந்தால் முந்தைய குறிப்பை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டு, மாறும் வார்த்தையை மட்டும் மாற்றுவார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஆறு மணிக்குத் தாம்பரம் போகும் கம்பெனி பஸ். விட்டால் அஸ்தினாபுரத்தில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர மூன்று பஸ் மாற வேண்டும்.

அன்று ஒட்டினாள். மாற்றவில்லை.

நாற்காலியைத் தள்ளிவிட்டு லாசரஸின் இடத்துக்கு ஓடினாள். அதற்குள் அவருக்கு மேனேஜர் அறையிலிருந்து அழைப்பு வந்துவிட்டிருந்தது. லாசரஸ் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார்.

“குறிப்ப நம்பித்தானே ஓட்டினீங்க? ஏண்ணா சொல்லல?” என்று கேட்டாள்.

அவர் ஏறிட்டுப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலை.

“எவன் எழுதின குறிப்பா இருந்தாலும், டெஸ்ட் சர்வர்ல ஒரு தடவ ஓட்டிப் பார்த்துட்டுத்தாம்மா தொடுவேன். இதுல கீழ உன் பேரு இருந்துச்சு. அதான் நேரா ஓட்டிட்டேன்.”