உப்பில்லாத வீடு

அட்லாண்டாவில் நேற்றிலிருந்து விழுந்திருப்பது இரண்டு விரற்கடைப் பனிதான். அதற்கே ஊர் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது. வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கும் சரிவில் வெர்டெல் கெட்டிலும் கையுமாக நிற்கிறார். கால்மணி நேரத்துக்கு முன் அவர் ஊற்றிய வெந்நீரில் பனி புகைந்து கரைந்தபோது தன்னையே மெச்சிக்கொண்டார். இப்போது அந்தத் தண்ணீர் உறைந்து சரிவு முழுக்கக் கண்ணாடியாக மின்னுகிறது. மேலே காருக்குள் அவர் மனைவி எர்னஸ்டீன் கம்பளிக் குல்லாவோடு உட்கார்ந்திருக்கிறாள். பதினொரு மணிக்கு டயாலிசிஸ். நேற்றைய முறை பனியால் தவறிவிட்டது. அவள் இழுத்து இழுத்து விடும் மூச்சில் கார்க் கண்ணாடி வெளுத்துக்கொண்டே வருகிறது.

எதிர்வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து கத்துகிறார். "யோவ், பனியில போய் வெந்நீர ஊத்துவாங்களா? உப்பத் தூவுய்யா, அதுதான் உருக்கும்! எங்கிட்ட இருந்தத எங்க வாசல்லயே கொட்டிட்டேன்."

வெர்டெல் கெட்டிலைக் கீழே வைக்கிறார். எர்னஸ்டீனின் சிறுநீரகத்துக்கு உப்பு ஆகாதென்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, மூன்று வருடமாக, இந்த வீட்டுக்குள் ஒரு கல் உப்பு நுழைந்ததில்லை. அவளுக்காக அவரும் சப்பென்றே தின்கிறார்.

கார்க் கண்ணாடி இறங்குகிறது. எர்னஸ்டீன் அவர் முகத்தைப் பார்க்காமல் கைப்பையை மடியில் கவிழ்க்கிறாள். பர்கர் கடையில் கொடுக்கும் குட்டிக் குட்டி உப்புப் பொட்டலங்கள், ஐம்பது அறுபது இருக்கும். பாதிக்கு மேல் கிழிந்த வெறும் காகிதம்.

"திட்டுறத அப்புறம் திட்டுங்க. மொதல்ல இருக்குறதத் தூவுங்க."

வெர்டெல் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பல்லால் கிழிக்கிறார். மூன்று வருடத்துக்குப் பிறகு நாக்கில் உப்புக் கரிக்கிறது. துப்ப மனம் வராமல், கண்ணை மூடி, அப்படியே நிற்கிறார்.